பதினேழாம் நம்பர் சாக்கெட்டும் ஆவுடையப்பன் வேட்புமனுவும்

கோணக்குளத்துக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். இந்த நல்ல குணத்தால் அந்த ஊர் இதுவரை அடைந்த நன்மை ஒன்றுமில்லை.

அங்கே இருபது வருடமாக ஊராட்சித் தலைவர் பூதத்தான்தான். தேர்தல் வரும், தலைவரும் வருவார், நடுவில் ஓட்டு மட்டும் வராது. எதிர்த்து நிற்க ஆள் இல்லாமல் இல்லை. போன முறை சேந்தன் நின்றார். மனுவில் ஒரு கட்டம்கூடக் காலியாக விடக்கூடாது என்று யாரோ சொன்னதால், 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்றிருந்த கட்டத்தையும் பூர்த்தி செய்தார். அதில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதித் தானே கையெழுத்தும் போட்டுவிட்டார். அதற்கு முந்தைய முறை நின்றவர், கறுப்பு மையால் எழுதவும் என்றிருந்ததைப் படித்துவிட்டுப் பெண்டாட்டியின் கண்மையால் எழுதிக்கொண்டு போனார். வழியில் மழை பெய்தது.

இந்த முறை ஆவுடையப்பன்.

அவனுக்குத் தலைவர் ஆசை எல்லாம் கிடையாது. அவன் குடியிருக்கும் கீழத்தெருவில் தண்ணீர் இல்லை. குழாய் வந்தது உண்மை. தெருமுனையில் நட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், அடுத்த தெருவில் போட்டோ எடுக்க அதே குழாயைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆவுடையப்பன் போய்க் கேட்டபோது பூதத்தான் பொறுமையாக விசாரித்தார்.

"குழாய் வந்துச்சா இல்லையாடே?"

"வந்துச்சு அண்ணாச்சி."

"பிறகென்ன?"

அதுவும் சரிதான் என்று ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் அவன் மனைவி உலகம்மை தினமும் இரண்டு மைல் நடந்து குடம் சுமந்தாள். வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் காலையில் அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னாள்: "மூணு மணிக்குள்ள மனுவைக் குடுக்காம இந்த வாசப்படி மிதிக்காதிய."

ஆகவே ராகு காலம் கழிந்ததும் நாலு பேர் காரில் கிளம்பினார்கள். ஓட்டியது மாசானம், உலகம்மையின் தம்பி. அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும், வண்டி நின்றுவிட்டால் அதற்குமேல் ஒன்றும் தெரியாது. முன்மொழிபவனாகச் சொரிமுத்து வந்தான். யார் என்ன சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வான், எழுதும்போது பாதி வார்த்தையை விட்டுவிடுவான். நாலாவது ஆள் ராசப்பா. அவன் தபால் வழியில் எண் சோதிடம் படித்தவன்.

நெடுங்கரையில் இருக்கும் ஒன்றிய அலுவலகத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர். அதில் பன்னிரண்டு சுகமாகப் போயிற்று. பிறகு பின்பக்கம் டப்பென்று ஒரு சத்தம். வண்டி நொண்டி நின்றது. மாசானம் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அத்தான், காத்து இல்ல."

"கண்ணாடிய இறக்கி விடு. எனக்கு நல்லா வருது" என்றான் ராசப்பா.

பின் சக்கரம் தட்டையாகிக் கிடந்தது. டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. வீல் ஸ்பேனர் இல்லை.

"எங்கடே?" என்றான் ஆவுடையப்பன்.

"தொழுவத்துல அடிச்சு வச்சிருக்கேன். அதுலதான் கன்னுக்குட்டி கட்டியிருக்கு. எடுத்தா ஓடிரும்லா."

யாருக்கும் இதில் குற்றம் காணத் தோன்றவில்லை. ஆவுடையப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றே கால். நேரம் நிறைய இருந்தது. அது அவனுக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் நேரம் நிறைய இருந்தால் கோணக்குளத்துக்காரர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு கிலோமீட்டர் முன்னால், ரோடு பிரிகிற விலக்கில் சேவியர் மேஸ்திரியின் பட்டறை இருந்தது. ஆவுடையப்பன் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"வீல் நட்டுதானே கழட்டணும்? நட்டு மேல தொப்பி மாதிரி மாட்டித் திருகுத சாக்கெட் தாரேன்" என்றார் சேவியர். "நட்டு என்ன நம்பர் வே?"

மாசானம் ஓடிப்போய் வண்டியின் முன்னால் குனிந்து பார்த்துவிட்டு ஓடிவந்தான். "நாலு, மூணு, ஏழு, ஒண்ணு."

"அது வண்டி நம்பர். நான் கேட்டது நட்டு நம்பர்."

"நாலு நட்டு இருக்கு மேஸ்திரி."

"அது எண்ணிக்கை! சைஸ் வே, சைஸ்!"

மாசானம் நட்டைத் தடவிப் பார்த்தான். "நெல்லிக்கா சைஸ்" என்றான். பிறகு, தப்பாகப் போய்விடக் கூடாதே என்று, "பெரு நெல்லி" என்று சேர்த்துச் சொன்னான்.

சேவியர் நீண்ட மூச்சு விட்டது ஸ்பீக்கரில் புயல் மாதிரிக் கேட்டது. "இங்க பாருங்க. வண்டிக்கு வண்டி நட்டு மாறும். பதினேழு இருக்கும், பத்தொம்போது இருக்கும், இருவத்தொண்ணு இருக்கும். பெரிய சாக்கெட்டைப் போட்டுத் திருகினா நட்டு மூலையெல்லாம் தேஞ்சு மொழுக்குன்னு ஆயிரும். பிறகு யாரு வந்தாலும் கழட்ட முடியாது. பேசாம நட்டு ஒண்ணைக் கொண்டு வாங்க. பொருத்திப் பாத்துத் தாரேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் யோசித்துச் சொல்லவில்லை. பட்டறைக்கு வந்து போல்ட்டு வேண்டும், திருகு வேண்டும் என்று கேட்கிற எல்லோரிடமும் வருடக்கணக்காகச் சொல்லிப் பழகியது, வாயில் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டார்.

சொரிமுத்து நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டான்: 'நட்டு ஒன்று. பட்டறை.'

"நட்டை எப்படிடே கழட்ட?" என்றான் ஆவுடையப்பன்.

"சாக்கெட்டை வச்சு."

"சாக்கெட்டுக்கு?"

"நட்டைக் கொண்டு போணும்."

நாலு பேரும் ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். விஷயம் கனமானது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"இதுல எது முந்தி?" என்றான் ராசப்பா.

"நட்டுதான் முந்தி" என்றான் சொரிமுத்து, நோட்டைத் தட்டிக் காட்டி. "மேஸ்திரி சொன்ன வரிசையை நாம மாத்த முடியாது."

மாசானம் நட்டைக் கையால் திருகிப் பார்த்தான். பிறகு வேட்டி முனையைச் சுற்றித் திருகினான். வேட்டி கிழிந்தது. நட்டு அசையவில்லை.

மணி பன்னிரண்டு ஆனபோது ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது பூதத்தான். முதல் நாளே மனு கொடுத்துவிட்டவர், இப்போது நெடுங்கரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். கடைசி நாளில் மூன்று மணி அடிப்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து நேரில் பார்ப்பது அவருடைய இருபது வருடப் பழக்கம்.

"என்னப்பா, நடுரோட்ல மாநாடு?"

மாசானம்தான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பூதத்தான் முழுவதையும் கேட்டார். நட்டு, சாக்கெட், வரிசை எல்லாவற்றையும் கேட்டார். அவர் கண்ணில் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்தது.

"நட்டு ஒண்ணுதானே வேணும்?" என்றார். ஜீப்பிலிருந்து கூட்டல் குறி மாதிரி நாலு முனை உள்ள ஒரு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். "நாலு முனையும் நாலு சைஸ். ஏதாவது ஒண்ணு பிடிக்கும். மெதுவாக் கழட்டுங்க, நான் நிக்கேன்."

மூன்றாவது முனை கச்சிதமாகப் பிடித்தது. மாசானம் தட்டையான சக்கரத்தில் வைத்து அழுத்தப் போனான். சொரிமுத்து பாய்ந்து அவன் கையைப் பிடித்தான்.

"ஏலேய், அடிபட்டுக் கிடக்கிற வீல்ல கை வைக்காத! நல்ல வீல்ல எடு!"

ஞாயமான பேச்சு. மாசானம் முன் சக்கரத்துக்குப் போய் ஒரு நட்டைக் கழற்றினான். அரை நிமிட வேலை. சொரிமுத்து அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வேற ஏதாவது கழட்டணுமாப்பா?" என்றார் பூதத்தான்.

"இல்ல அண்ணாச்சி, ஒண்ணு போதும்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு."

ஆவுடையப்பனின் மனசில் ஏதோ இடறியது. ஸ்பேனரைப் பார்த்தான், தட்டையான சக்கரத்தைப் பார்த்தான், மறுபடி ஸ்பேனரைப் பார்த்தான். இன்னும் ஒரு நொடி இருந்தால் பிடிபட்டிருக்கும். அதற்குள் நன்றி சொல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது. நாலு பேரும் கும்பிட்டு ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"ரொம்ப உபகாரம் அண்ணாச்சி. எதிர்த்து நிக்கோம்னு பாக்காம உதவி செஞ்சிய."

"அரசியல் வேற, பழக்கம் வேற" என்று சொல்லிவிட்டுப் பூதத்தான் ஜீப்பில் ஏறினார். வளைவு திரும்பும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று அவருடைய டிரைவர் பின்னால் சொன்னான்.

பட்டறைக்கு நாலு பேரும் நடந்தார்கள். மேஸ்திரி 'கொண்டு வா' என்று சொல்லவில்லை, 'கொண்டு வாங்க' என்றார். ஒரு ஆள் போனால் மரியாதையாக இருக்காது.

சேவியர் நட்டை வாங்கி வரிசையாகப் பொருத்திப் பார்த்தார். இருபத்தொன்று கடகடவென்று ஆடியது. பத்தொன்பது உட்கார்ந்த மாதிரி இருந்தது, லேசாகத் திருப்பினால் வழுக்கியது. பதினேழு கிச்சென்று பிடித்தது.

"பதினேழு" என்றார் சேவியர்.

ராசப்பா ஒரு எட்டு பின்னால் போனான். "வேண்டாம்!"

"என்ன வேண்டாம்?"

"ஒண்ணும் ஏழும் எட்டு. எட்டு சனி. மனு குடுக்கப் போற அன்னைக்கு சனியைக் கையில எடுக்கலாமா? அந்தப் பத்தொம்போதைத் தாங்க. ஒண்ணும் ஒம்பதும் பத்து, பத்துன்னா ஒண்ணு, சூரியன். ஆட்சி அதிகாரம் எல்லாம் அவன்தான்."

"சூரியன் நட்டுல நிக்கமாட்டான் வே. வழுக்குவான்."

"அப்போ இருவத்தொண்ணு. குரு."

"குரு ஆடுதாரு!"

ராசப்பா கண்ணை மூடி யோசித்தான். திறந்தபோது முகத்தில் வெளிச்சம் இருந்தது. "பத்து நம்பர் சாக்கெட் இருக்கா?"

"இருக்கு."

"ஏழு?"

"இருக்கு. எதுக்கு?"

"ரெண்டையும் தாங்க. தனித்தனியாக் கொண்டுபோயி, அங்க வச்சுச் சேத்துக்கிடுதோம். பதினேழு வந்துரும், சனியும் வராது."

சேவியர் ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றரை. வீட்டு வாசற்படி அவன் கண்முன்னால் வந்தது, அதில் உலகம்மை உட்கார்ந்திருந்தாள்.

"மேஸ்திரி, ஏதாவது ஒரு வழி பண்ணுங்க" என்றான் அழாத குறையாக.

சேவியர் உள்ளே போனார். பதினேழாம் நம்பர் சாக்கெட்டை எடுத்து, நம்பர் பொறித்திருந்த இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். "இந்தா, இதுல நம்பரே கிடையாது."

ராசப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்பர் இல்லைன்னா கிரகம் இல்ல. தோசம் இல்ல. இதைக் கொண்டு போலாம்."

கைப்பிடியையும் கொடுத்துச் சேவியர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "நல்லாக் கேட்டுக்கோங்க. ஜாக்கி போடுததுக்கு முந்தி, வண்டி தரையில நிக்கும்போதே நட்டை இளக்கணும். இடது பக்கமாத் திருப்பணும். இறுக்கமா இருந்து வரலைன்னா மேல ஏறி நில்லுங்க, உங்க கனத்துக்கு அசைஞ்சு குடுக்கும்." சொரிமுத்து எழுதிக்கொண்டான்: 'தரை. இடது. ஏறி நிற்க.'

திரும்பி வந்ததும் முதல் சிக்கல். வண்டி தரையில் இல்லை.

"தார் ரோட்ல நிக்கி" என்றான் சொரிமுத்து. "மேஸ்திரி தரைன்னு சொன்னாரு. தார் எப்படித் தரை ஆகும்?"

"இடது பக்கம் திருப்பணும்னும் சொன்னாருல்லா" என்றான் மாசானம். "இடது பக்கம் திருப்பினா தரை வந்துரும்."

இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று இப்படிப் பொருந்திப் போனதில் மேஸ்திரியின் மேல் எல்லோருக்கும் மதிப்பு கூடியது. மாசானம் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பிடித்தான். மற்ற மூன்று பேரும் தள்ளினார்கள். தட்டை டயர் தேய்ந்து தேய்ந்து வந்தது. அரை மணி நேரத்தில் வண்டி ரோட்டைவிட்டு இறங்கி, உளுந்து அறுத்த வயலில் போய் நின்றது.

சாக்கெட்டைப் பொருத்தினார்கள். ஆவுடையப்பன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. எல்லோரும் சொரிமுத்துவைப் பார்த்தார்கள்.

சொரிமுத்து நோட்டைப் பார்த்தான். "ஏறி நிற்க."

பட்டறையில் சேவியர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டீயில் அவருக்கு ஒரு கேள்வி வந்தது. சாக்கெட் இல்லாதவன் நட்டை எப்படிக் கழற்றிக் கொண்டுவந்தான்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அப்படியே விட்டால் ராத்திரி தூக்கம் வராது என்று டீயை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

வந்து பார்த்தபோது, வெட்டவெளி வயலில் ஒரு கார் நின்றது. அதன் கூரைமேல் நாலு பேர் வேட்டியை மடித்துக்கட்டி, தெற்குப் பார்த்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாக நடுவில் நின்றவன்தான் வேட்பாளர்.

"என்ன வே பண்ணுதிய?"

"நிக்கோம் மேஸ்திரி" என்றான் மாசானம். "கா மணி நேரமா நிக்கோம். இன்னும் அசைஞ்சு குடுக்கல."

"கைப்பிடி மேல ஏறி நிக்கச் சொன்னா..." சேவியர் தலையில் அடித்துக்கொண்டார். "இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!"

சொரிமுத்து பேனாவை எடுத்தான். சேவியர் அதைப் பிடுங்கி வயலில் எறிந்தார். அதன்பிறகு அவர் யாருக்கும் ஒரு வேலையும் சொல்லவில்லை. சொன்னால் செய்துவிடுவார்கள் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. கைப்பிடியில் ஒரு மிதி, நட்டு இளகியது. எட்டு நிமிடத்தில் ஸ்டெப்னி ஏறியது. முன் சக்கரத்தில் மூன்று நட்டு மட்டும் இருப்பதைப் பார்த்துக் கையை நீட்டினார். சொரிமுத்து பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "எப்படிக் கழண்டுச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அதையும் மாட்டினார்.

இரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு வண்டி ஒன்றிய அலுவலக வாசலில் நின்றது. கெடுவுக்குப் பத்து நிமிடம் மிச்சம்; கோணக்குளத்து வரலாற்றில் முதல் முறை.

சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூதத்தான், நாலு பேரையும் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஆவுடையப்பன் மனுவை நீட்டினான். அலுவலர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கறுப்பு மைதான். அலுவலகக் கட்டம் காலியாகவே இருந்தது. சொரிமுத்து கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சொரிமுத்துவே போட்டிருந்தான்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் அலுவலர். "நாளைக்குப் பரிசீலனை. வாபஸ் வாங்குறதா இருந்தா திங்கட்கிழமை மூணு மணிக்குள்ள வந்துரணும். லேட்டா வந்தா ஏத்துக்க மாட்டோம்."

பேனா போய்விட்டதால் சொரிமுத்து பக்கத்து மேஜையில் ஒன்றை இரவல் வாங்கினான். எழுதியதை வாய்விட்டுப் படித்தும் பார்த்துக்கொண்டான்: "திங்கள். மூணு மணி. வாபஸ் வாங்க."

பூதத்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் ஆவுடையப்பனுக்கு ஒரு சந்தேகம். "குடுத்ததை எதுக்குடே திருப்பி வாங்கணும்?"

"நல்லாக் கேட்டிய" என்றான் சொரிமுத்து. "ரேசன் கார்டைக் குடுக்கோம், பதிஞ்சிட்டுத் திருப்பித் தாரான்லா? வாங்காம வந்தா என்ன ஆகும்?"

"தொலைச்சிருவான்" என்றான் மாசானம்.

"நம்ம மனுவும் அசலுல்லா? அவன் ஆபீசுல ஏன் கிடக்கணும்?"

"லேட்டா வந்தா தரமாட்டேன்னு வேற சொல்லிட்டாரு" என்றான் ராசப்பா.

இந்த முறை ஆவுடையப்பன் எதையும் விதியின் கையில் விடவில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே நாலு பேரும் அலுவலக வாசலில் இருந்தார்கள். கூட்டுகிற அம்மாவே அப்போதுதான் வந்தாள்.

அலுவலர் அவனை வியப்பாகப் பார்த்தார். "நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"மூணு நாளா இதே யோசனைதான் சார்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"நீங்க ஒருத்தர்தான் சார்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு படிவத்தை நீட்டினார், ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டான்; கிடைத்த ரசீதை மனுவாக எண்ணிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினான். மூன்று மணிக்குமேல் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். சொரிமுத்து விரல் வைத்து, வழக்கம்போல் பாதி வார்த்தையை விட்டுவிட்டுப் படித்தான்: 'ஆவுடையப்பன், விண்ணப்பம் ஏற்கப்பட்டது.' மாசானம் அங்கேயே பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினான்.

அதற்குக் கீழே பூதத்தான் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இன்னொரு வரி இருந்தது. அதை ஆவுடையப்பனும் படித்தான். "நம்ம பேரு இதுல இல்லையேடே?"

"நம்ம மனுவைத்தான் நாம வாங்கிட்டமே. அவங்ககிட்ட எப்படிப் பேரு இருக்கும்?" என்றான் சொரிமுத்து. அதுவும் ஞாயமாகத்தான் இருந்தது.

வாக்குப்பதிவு நாளன்று கோணக்குளத்துப் பள்ளிக்கூடம் பூட்டியே கிடந்தது. வார்டுகளுக்கும் பூதத்தானின் ஆட்களைத் தவிர யாரும் நிற்கவில்லை, பெட்டி வரவேண்டிய வேலையே இல்லை. ஆனால் தேதி முதலிலேயே தண்டோரா போட்டுச் சொன்னதாயிற்றே. காலை ஏழு மணிக்கு ஊரே அடையாள அட்டையோடு வரிசையில் நின்றது. கீழத்தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்திருந்தார்கள். தலைவர் பூதத்தான், வெயில் அதிகம் என்று பந்தல் போட்டு எல்லோருக்கும் மோர் ஊற்றச் சொன்னார். ஒவ்வொருவராகக் கதவுக்குமுன் வந்து, விரலை நீட்டிக் காட்டிவிட்டு, ஒழுங்காக வீட்டுக்குப் போனார்கள். உலகம்மையும் போனாள்.

மாலை ஐந்து மணிக்கு ஆவுடையப்பன் வந்தான். கதவிலிருந்த பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டு, முடிவு கேட்க மறுபடி வந்து காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்:

"நல்லபடியா சீல் வச்சிட்டாங்க. எண்ணுத வரைக்கும் யாரும் கிட்ட போகக் கூடாது."